தென்னை விழுந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் ஏன் குறைந்தது, மீதியை எப்படிக் கேட்பது

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. மே மாதக் காற்று மழையில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை சாய்ந்து, பின்கட்டு ஷீட் கூரை நொறுங்கிவிட்டது. கூரைக்கு 68,000, சுவர் விரிசலுக்கு 95,000, டிவி, பிரிட்ஜ், மோட்டாருக்கு 62,000, தார்சு (மேல்தளம்) ஒழுகலுக்கு 35,000 என மொத்தம் 2,60,000 ரூபாய் கேட்டீர்கள். வந்தது 41,000. பிரீமியம் கட்டுவதே வீண்தானா என்கிறீர்கள்.

வீண் இல்லை. ஆனால் 2,60,000 முழுதும் எந்தக் காலத்திலும் வராது. கூரையில் குறைத்ததைக் கேட்டு வாங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விரிசலில் ஒரு பகுதி கிடைக்கலாம். மின்சாதனங்களும் தார்சும் உங்கள் பாலிசிப்படி கிடைக்காது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதே நான்கு இடங்களில்தான் நம் பகுதி வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பாலிசியின் பெயரைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் உத்தரவு. உங்களிடம் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். அதில் தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ சுவரோ வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது என்று நிகழ்வுகளின் பட்டியல் இருக்கிறது. பாலிசி பணம் தருவது அந்த நிகழ்வுகளுக்குத்தான். வீட்டில் எவ்வளவு சேதம் என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்புபவர்) அளப்பது இரண்டாவது வேலை. எது நடந்ததால் இந்தச் சேதம் என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. பட்டியலில் உள்ள நிகழ்வோடு சேதத்தை இணைக்கும் ஆதாரம் உங்களிடம் இல்லையென்றால், சேதம் எவ்வளவு பெரியதானாலும் தொகை பூஜ்யம்.

அதனால் கிளெய்ம் படிவத்தில் 'சேதத்தின் காரணம்' என்ற கட்டம் மற்ற எல்லாக் கட்டங்களையும்விட முக்கியம். பெரும்பாலோர் அதில் 'காற்று மழையில் வீடு சேதம்' என்று நாலு சொல் எழுதி விடுகிறார்கள். எழுத வேண்டியது இப்படி: 'மே 2 மாலை சுமார் 5 மணிக்கு வீசிய சூறைக்காற்றில், வீட்டின் வடபுறம் 15 அடி தள்ளி நின்ற தென்னை வேரோடு சாய்ந்து பின்கட்டுக் கூரைமேல் விழுந்தது. 7 ஷீட் உடைந்தது. இரும்புக் குழாய் 2 வளைந்தது. அந்தக் குழாய்கள் பொருந்தியிருந்த வடக்குச் சுவரின் மேல் வரிசையில் படுக்கை வாட்டில் விரிசல் விட்டது. உடைந்த வழியாக மழைநீர் இறங்கிக் கட்டிலும் மெத்தையும் நனைந்தன.' நாள், நேரம், திசை, எண்ணிக்கை எல்லாம் அதில் வந்துவிட்டன. மழைநீர் இறங்கியது கூரை உடைந்ததால் என்று சொன்ன பிறகு, நனைந்த மெத்தையும் அதே நிகழ்வின் தொடர்ச்சியாகக் கணக்கில் வரும்.

இனி உங்கள் கூரைக் கணக்கு. 68,000 கேட்டு 41,000 வந்ததற்குக் காரணம், 'ஷீட் கூரை மாற்ற மொத்தம் 68,000' என்று மேஸ்திரி ஒரே வரியில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். அதைச் சர்வேயரால் சரிபார்க்க முடியாது. முடியாதபோது அவர் தன் கையிலுள்ள விலைப்பட்டியலை வைத்துக் குறைத்துப் போடுவார். ஷீட் நீளம் எத்தனை அடி, எத்தனை ஷீட், முகட்டு ஷீட் எத்தனை, ஜே போல்ட் எத்தனை, எந்த அளவு இரும்புக் குழாய் எத்தனை மீட்டர், வெல்டிங் கூலி எத்தனை ஆள், பழைய கூரை இறக்க எத்தனை ஆள், வண்டி வாடகை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட் வேண்டும். கடை விலைக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள கொட்டேஷன் வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் சீமை ஓடா நாட்டு ஓடா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். சீமை ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 முதல் 150 பிடிக்கும். நாட்டு ஓட்டுக்கு எண்ணிக்கையும் கூலியும் வேறு. ஓட்டுக்கு அடியிலுள்ள ரீப்பரும் (குறுக்குச் சட்டம்) உடைந்திருந்தால் அதைத் தனி வரியாக எழுதாவிட்டால் யாரும் உங்களுக்காகச் சேர்க்க மாட்டார்கள்.

அந்தக் கூரையில் எவ்வளவு 'தேய்மானம்' என்று கழித்திருக்கிறார்கள் என்பதை உங்கள் செட்டில்மென்ட் தாளில் பாருங்கள். கிருஹ ரக்ஷா பாலிசி, வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைத் தரும் அடிப்படையில் எழுதப்பட்டது. சீரமைத்த பிறகும் 12 வருடப் பழைய ஷீட் என்று கழித்திருந்தால், எந்த விதிப்படி கழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உடைந்த இரும்பின் பழைய விலையைக் கழிப்பது வேறு விஷயம், அது சரிதான். சர்வேயர் வந்து பார்க்கும் முன்பே உடைசலைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால் அவர் ஊகத்தில் ஒரு தொகையைக் கழித்திருப்பார். ஷீட் துண்டானாலும் சரி, தேக்கு விட்டமானாலும் சரி, பார்வை முடியும்வரை வாசலோரம் கிடக்கட்டும்.

மரத்தை வெட்டி அப்புறப்படுத்திய கூலியை நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் இந்தப் பாலிசியிலேயே இடம் இருக்கிறது. சின்னத் தொகைதான், ஆனால் உங்களுக்குரியது.

விரிசல்தான் அதிகச் சண்டை வரும் இடம். புது விரிசலின் ஓரம் பளிச்சென்று இருக்கும். உள்ளே செங்கல்லோ சிமெண்டோ நிறம் மாறாமல் தெரியும். பழைய விரிசலுக்குள் தூசி படிந்திருக்கும், சிலந்தி வலை இருக்கும், போன தடவை அடித்த சுண்ணாம்பு வடிந்து உள்ளே இறங்கியிருக்கும். சர்வேயர் டார்ச் அடித்துப் பார்ப்பது இதைத்தான். அடுத்து விரிசல் போகும் போக்கு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால் பெரும்பாலும் கடைக்கால் இறக்கம். விட்டமோ குழாயோ உட்கார்ந்திருக்கும் இடத்தில் படுக்கையாக ஓடினால் மேலிருந்து விழுந்த அடி. பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் கோடையில் மண் சுருங்கி மழையில் உப்பும்போது சுவர் வெடிப்பது சாதாரணம். அதற்கு இந்தப் பாலிசியில் இடம் இல்லை. புதுக் கட்டடம் இறங்கி அமர்வது, மண் கொட்டி நிரவிய மனை இறங்குவது, தரமில்லாத வேலை, பக்கத்தில் கடைக்கால் தோண்டியதால் வந்த இறக்கம் எல்லாமே விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

நீங்கள் நாலு சுவர் விரிசலையும் சேர்த்து 95,000 போட்டதால், மரம் அடித்த வடக்குச் சுவரும் சேர்ந்து தள்ளுபடியாகிவிட்டது. வடக்குச் சுவரை மட்டும் பிரியுங்கள். பதிவுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் ஒரு பக்க அறிக்கை வாங்குங்கள். சுவரின் வரைபடம், விரிசலின் நீளம், மில்லிமீட்டரில் அகலம், குழாய் பொருந்திய இடத்திலிருந்து எத்தனை அடி என்ற அளவு, டேப் வைத்து எடுத்த படம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் மறு பரிசீலனை கேட்டால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். மற்ற மூன்று சுவர்களையும் விட்டுவிடுங்கள். வராததைச் சேர்த்துக் கேட்பது வர வேண்டியதையும் கெடுத்துவிடும்.

மின்சாதனம் போனதில் உங்கள் கோபம் நியாயம்தான். இடி பாலிசியில் இருக்கிறது, இடி இடித்த அன்றுதான் டிவி போனது, பிறகு ஏன் இல்லை? காரணம் ஒரு விலக்கு விதி. மின் அழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு, தானாகச் சூடாவது ஆகியவற்றால் ஒரு மின்சாதனம் கெட்டால், அந்தச் சாதனத்துக்குப் பணம் இல்லை. அந்த மின்கோளாறு இடியால் வந்தாலும் இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அதிலிருந்து தீப் பரவிப் பக்கத்து அலமாரி எரிந்தால் அலமாரிக்கு உண்டு, டிவிக்கு இல்லை. இதற்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பது பெரிய குறை. கிணற்று மோட்டாரோ விவசாயக் கருவி. வீட்டுப் பொருள் கணக்கிலேயே அது சேராது.

தார்சு ஒழுகல் தேய்மானம், பராமரிப்புக் குறை. மரம் விழாத பக்கம் ஒழுகினால் அதை மரத்தோடு இணைக்க வழியில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, 'பத்தாயிரம் கொடுத்துடறேனுங்க, இதோட விட்டுருங்க' என்று எழுதி வாங்கும் பழக்கம் உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை மரத்துக்காரரிடம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதை நீங்களே விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளெய்மையே மறுக்க அது காரணமாகிவிடும்.

இனி வரும் காலத்துக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேதமான முதல் இரண்டு நாள் வேலை. கூரையில் தார்ப்பாய் கட்டுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் முன் படம் எடுத்துவிடுங்கள். ரோட்டிலிருந்து முழு வீடு, பெயர்ந்த வேர், வேரிலிருந்து கூரை வரை கிடக்கும் மரம், பிறகு ஒவ்வொரு உடைசலும் பக்கத்தில். தேதியும் இடமும் பதியும் செயலியில் எடுங்கள். அன்றே நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் தெரிவித்துக் கிளெய்ம் எண் வாங்குங்கள். ஏஜெண்டிடம் போனில் சொன்னது தெரிவித்ததாக ஆகாது. சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால், தாமதத்தை மட்டுமே சொல்லி நிராகரிக்கக் கூடாது என்று 2011-லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

காற்றுக்கும் வெள்ளத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்குங்கள். அன்றைய செய்தித்தாள் கத்தரிப்பும் உதவும். மேட்டூரில் உபரிநீர் திறக்கும்போது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குத் தண்ணீர் வரும். அப்போது சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவும் முன் டேப் வைத்துப் படம் எடுங்கள். எத்தனை அடி நின்றது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. தீ என்றால் தீயணைப்பு நிலைய அறிக்கை. திருட்டுக்குப் புகார் பெற்றதற்காகப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு பொருள் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். இன்னொன்று. பூட்டிய வீட்டை உடைத்துத் திருடுவது அடிப்படை கிருஹ ரக்ஷாவில் இல்லை. தீ, வெள்ளம் போன்ற நிகழ்வு நடந்து 7 நாளுக்குள் அதன் காரணமாகத் திருடு போனால்தான் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது வீட்டில் நகை இருக்கிறதென்றால் கொள்ளைப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகையையும் மதிப்புப் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர் விபத்தானால் வீட்டுப் பாலிசியோடு, கேஸ் ஏஜென்சிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாக இருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே போகிறது.

சர்வேயர் வரும் நாளில் நீங்களோ இன்ஜினியரோ கூடவே நின்று, அளந்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். 2024-ல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி தகவல் தந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும், வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கவும் கூடாது. பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அறிக்கையைக் கேட்கலாம்.

குறைந்த தொகைக்கு 'முழு, இறுதித் தீர்வு' என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். பயப்பட வேண்டாம். அப்படிக் கையெழுத்திட்டது கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தெளிவுபடுத்தியது. அடுத்த தடவை கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள்.

இப்போது உங்கள் அடுத்த வேலை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம். கூரைத் தேய்மானம், வடக்குச் சுவர், இடிபாடு அகற்றிய கூலி, இன்ஜினியர் கட்டணம் இவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையும் ஆதாரமும். அதே கடிதத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள், 155255 எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்புச் சொன்ன 30 நாளுக்குள் நிறுவனம் நிறைவேற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இரண்டு வருட அவகாசம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் வழக்குப் போட்ட விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். உங்கள் அளவுத் தொகைக்கு முதலில் ஆம்புட்ஸ்மேன்தான் நல்லது.

புதுப்பிக்கும்போது சரிசெய்ய வேண்டியவை சில. வீட்டின் காப்பீட்டுத் தொகை என்பது திரும்பக் கட்டும் செலவு, மனை விலை அதில் வராது. உள்ளளவு 1,000 சதுர அடி, கட்டும் செலவு அடிக்கு 2,200 என்றால் 22 லட்சம். வீட்டுப் பொருளுக்கு அதில் 20 சதவீதம், 4.4 லட்சம், தானாகவே சேரும். உச்சம் 10 லட்சம். சுற்றுச்சுவர், பின்கட்டு, தனிக் கொட்டகை ஆகியவற்றின் மதிப்பைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். தென்னங்கீற்றுக் கொட்டகை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் வீட்டை ஒட்டியே விசைத்தறி போட்டிருப்பவர்கள் வீட்டுப் பாலிசியில் தறியும் நூலும் சேரும் என்று எண்ண வேண்டாம். அதற்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனிப் பாலிசி இருக்கிறது.

பட்டா இன்னும் தகப்பனார் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் காலமாகிப் பாகப்பிரிவினை ஆகாமல், அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் தன் பெயரில் பாலிசி எடுத்தால், பணம் வரும் நேரத்தில் வாரிசுச் சான்று, மற்றவர்களின் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். வங்கிக் கடனில் கட்டிய வீடானால் பணம் முதலில் வங்கிக்கே போகலாம். கடன் வாங்கும்போது கட்டிய 'லோன் இன்சூரன்ஸ்' பல சமயம் உங்கள் உயிருக்கான பாலிசி. அதில் கூரைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வங்கிக் கோப்பிலிருந்து அதன் நகலை வாங்கி, 'காப்பீடு செய்யப்பட்ட சொத்து' என்ற வரியில் உங்கள் வீட்டின் சர்வே எண்ணோ கதவு எண்ணோ இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.